லாச்சப்பலில் ஒரு லண்டன் சோதினை

இங்கிலாந்தின் கல்விக் கொள்கையைப் பற்றி இங்கிலாந்தில் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பாரிஸின் லாச்சப்பலில், ரூ காய் என்ற தெருவிலிருந்து பிரியும் சின்னத் தெரு ஒன்றிலிருக்கும் தமிழ்ச் சலூனில், அதைப் பேசாமல் ஒரு சனிக்கிழமை போனதில்லை. பேசியவர்களில் ஒருவர்கூட அந்த நாட்டில் வசிப்பவர் இல்லை. ஆங்கிலம் ஒழுங்காகத் தெரிந்தவர்களும் குறைவு. அவர்களுடைய பிள்ளைகள் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

இலங்கையிலிருந்து பிரான்சுக்கு வந்து பாஸ்போர்ட் எடுத்த எங்கள் ஆட்களில் பலருக்கு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்ற ஆசை ஓயவே இல்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கடலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் பிரிந்தது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு போய்க் குடியேற ஒரு கடைசித் திகதி வந்தது. கதவு மூடப்போகிறது என்றதும், போக நினைக்காதவர்களும் போனார்கள். என் அக்கா அந்தக் கடைசி மாதத்தில், அப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு, லண்டனுக்கு மேற்கே ஒரு சின்ன ஊருக்குப் போனாள். அத்தான் பின்னால் போவதாக இருந்தது. போகவில்லை. இங்கே அவர் ஓர் உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். அங்கே போனால் மறுபடியும் வெங்காயம் உரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். "மொழி தெரியாத நாட்டில ஒருக்காத் தொடங்கியாச்சு தம்பி. இன்னொருக்கா ஏலாது" என்பார். ஆக, மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் மகளைப் பார்த்து வரும் தகப்பனானார்.

சனிக்கிழமையும் அத்தானுக்கு வேலை. ஆனால் மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை ஒரு இடைவெளி உண்டு. 'கூப்பியூர்' என்பார்கள். சம்பளமில்லாத, வீட்டுக்குப் போய் வரவும் போதாத நேரம். அத்தானின் வீடு பாரிஸுக்கு வெளியே, செவ்ரானில். ரயிலேறிப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினால் திரும்பி வர நேரமாகிவிடும். அதனால் சலூனுக்கு வருவார். சனிக்கிழமை எனக்குக் கந்தோர் வேலை இல்லை என்பதால் நானும் வருவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. பல்கலைக்கழகம் போய், ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கதிரையில் இருந்து வேலை செய்பவன் என்பதால், சலூனில் எனக்கு ஒரு பதவி கிடைத்திருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்ததும் சலூன்கார அண்ணை கத்தரிக்கோலை உயர்த்துவார்.

"எங்கட கல்வி மந்திரி வந்திட்டார். இந்தக் கிழமை லண்டனில என்ன சட்டம் போட்டிருக்கிறியள், ஐயா?"

நான் கைபேசியில் ஆங்கிலச் செய்திகளை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். விஷயம் எப்போதும் ஒன்றுதான்: கிராமர் ஸ்கூல். அந்த நாட்டின் சில மாவட்டங்களில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சோதினை வைக்கிறார்கள். அதில் தேறியவர்களுக்குத் தனிப் பள்ளி. அரசாங்கப் பள்ளிதான், கட்டணம் இல்லை. தேறாதவர்களுக்கு மற்றப் பள்ளி. புதிதாக ஒரு கிராமர் ஸ்கூல் தொடங்கச் சட்டம் இடமளிப்பதில்லை. இருப்பவற்றைப் பெருப்பிக்கலாமா, முழுதாக மூடிவிடலாமா, தடையை நீக்கலாமா என்று அங்கே ஒவ்வொரு ஆட்சியிலும் அடிபடுகிறார்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரி வந்தபோது, இனி வசதியான வீட்டுப் பிள்ளைகளும் கிராமர் பக்கம் திரும்பும் என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அதை நான் வாசித்துச் சொன்ன சனிக்கிழமை, சலூனில் யாரோ செத்துப்போனதுபோல அமைதியாக இருந்தது.

அக்காவின் மகள் அடுத்த செப்ரெம்பரில் அந்தச் சோதினை எழுத இருந்தாள்.

அவள் வீட்டில் செய்துபார்க்கும் மாதிரித் தாள்களுக்கு நேரம் பார்ப்பது அத்தானின் வேலை. அந்த ஒழுங்கைச் செய்தது அக்கா. சனிக்கிழமையும் அக்கா அங்கே கடையில் வேலைக்கு நிற்பாள். பிள்ளையைத் தனியே விட்டால் எழுதமாட்டாள். அத்தானுக்குக் கேள்விகள் விளங்காது, ஆனால் கடிகாரம் விளங்கும். சலூனின் பின்மூலையில், சவர்க்காரமும் துவாயும் அடுக்கிய தட்டுக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டு, கைபேசியைச் சுவரில் சாய்த்து வைப்பார். திரையில் அக்காவின் மகள், என் மருமகள், வருவாள்.

"அப்பா, ஸ்டார்ட் சொல்லுங்கோ."

"ஸ்டார்ட், குஞ்சு."

அதற்குப் பிறகு அவள் குனிந்துவிடுவாள். திரையில் தெரிவது அவளுடைய வகிடும் இரண்டு பின்னலும் மட்டும். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தாள் முடியும்வரை சலூனில் யாரும் சத்தம் போடக்கூடாது. புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் சலூன்கார அண்ணை வாயில் விரல் வைத்துக் காட்டுவார். "உஸ்ஸ்... லண்டனில சோதினை நடக்குது." மெஷினைக்கூடப் போடாமல் கத்தரிக்கோலாலேயே வெட்டுவார். ஒரு பிரெஞ்சுக்காரன் நாங்கள் ஏதோ வழிபாடு செய்கிறோம் என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

நேரம் முடிந்ததும் "பென்சிலை வையுங்கோ" என்பார் அத்தான். ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ அவர் சொன்னதில்லை. அவள் கையசைத்துவிட்டுப் போவாள். கைபேசி அணைந்த கையோடு, அப்படியொரு சோதினை இருக்கவேண்டுமா என்ற விவாதம் தொடங்கும்.

எதிர்த்துப் பேசுபவன் நான் ஒருவன்தான். ஆதரித்துப் பேசியவர்களில் முதலாள், பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணை. அவருடைய மகன் ஏற்கெனவே தேறி, கிராமர் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தான்.

"கெட்டிக்காரப் பிள்ளையைக் கெட்டிக்காரரோட விடவேணும். பழுதான தக்காளியோட நல்லதைப் போட்டா என்ன நடக்கும்? கடைக்காரனைக் கேளுங்கோ."

"பிள்ளை தக்காளியில்லை அண்ணை" என்பேன் நான். "பத்து வயசில ஆர் பழுது, ஆர் நல்லதெண்டு எப்பிடித் தெரியும்?"

"நீ பழுதானதை அடியில வைச்சு, நல்லதை மேல வைச்சுத்தானே விக்கிறாய். நீ இதைப் பற்றிக் கதைக்காத" என்பார் சலூன்கார அண்ணை.

சிரிப்பு அடங்கியதும் கடைக்கார அண்ணை ஊருக்குப் போய்விடுவார். "அஞ்சாம் வகுப்பில நாங்களும் ஸ்கொலசிப் எழுதினனாங்கள். ஒருத்தரும் சாகேல்லையே."

"நான் எழுதிப் பெயில் விட்டனான்" என்றார் சலூன்கார அண்ணை ஒருமுறை, வாடிக்கையாளரின் பிடரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ர அண்ணன் பாஸ். வீட்டில அவனுக்குப் புதுச் சைக்கிள். ஒருத்தரும் சாகேல்லைத்தான். ஆனா அதுக்குப் பிறகு அப்பா என்னட்டைப் படிப்பைப் பற்றி ஒண்டும் கேட்டதில்லை."

நான் என் வாதங்களைத் தயாரித்துக்கொண்டு போவேன். தனியாக ரியூசன் கொடுக்க முடிந்தவர்களின் பிள்ளைகளே அதிகம் தேறுகிறார்கள் என்றேன். தேறாத பிள்ளைக்கு நீ இரண்டாம் தரம் என்று பத்து வயதில் சொல்வது கொடுமை என்றேன். ஊரில் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது தமிழரைத் தரப்படுத்தி வெட்டினார்கள் என்று இன்றைக்கும் கொதிக்கிற நாங்கள், சின்னப் பிள்ளைகளைத் தரம் பிரிப்பதற்கு மட்டும் எப்படிக் கைதட்டலாம் என்றேன். நல்ல பள்ளி, மற்றப் பள்ளி என்று பிரிக்காமல் எல்லாப் பள்ளியையும் நல்லதாக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே படித்து ஆளாகலாம் என்றேன்.

அத்தான் எனக்கு எதிராகத்தான் பேசுவார், அதுவும் சத்தமாக. "வசதியில்லாதவன்ர பிள்ளைக்கு மேல வாறதுக்கு இருக்கிற ஒரே ஏணி அதுதான் தம்பி. அதையும் எடுத்துப்போடு எண்டு சொல்லுறாய்."

அந்த வார்த்தை அவருடையதல்ல, அக்காவுடையது. அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். வன்னியில் அவளும் அந்த ஐந்தாம் வகுப்புச் சோதினைக்கு ஒரு வருடமாகப் படித்திருந்தாள். சோதினை வருவதற்குள் இடம்பெயர்ந்தோம். மரத்துக்குக் கீழே சமைத்துக்கொண்டிருந்தபோது, இன்றைக்குத்தான் அந்த நாள் என்று சொல்லி அழுதாள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். இங்கே வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. மொழி தெரியாத பிள்ளைகளுக்கான வகுப்பில் போட்டார்கள். அங்கிருந்து அவளைத் தையல் வேலை பழக்கும் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவளுக்குத் தையல் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு, என்னைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பலாம் என்று என் ஆசிரியர்கள் முடிவெடுத்தபோது, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, அந்தக் கூட்டத்தில் உடைந்த பிரெஞ்சில் சண்டை பிடித்தவள் அவள்தான். "இவன் எழுதிக் காட்டுவான், சோதினை வையுங்கோ" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் லிசேக்கு நான் போனது அப்படித்தான். தரம் பிரிப்பதை நான் வெறுக்கவும் அக்கா சோதினையை நம்பவும் காரணம் அந்த ஒரே நாள்தான்.

கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, விவாதம் முடிந்து அத்தானை உணவகம்வரை கொண்டுபோய் விட நடந்தேன். ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், பாலத்துக்குக் கீழே அகதிகளின் கூடாரங்கள் இருந்தன. அவற்றைத் தாண்டும்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பிள்ளை பாஸ் பண்ணாட்டித் திரும்பி வாறம் எண்டு அக்கா சொன்னவ."

நான் நின்றுவிட்டேன்.

"போகேக்கையே சொன்னவ. கிராமர் கிடைச்சா அங்கை. கிடைக்காட்டி இஞ்சை. எங்கட ஒப்பந்தம் அது."

"அப்ப நீங்கள் அத்தான்..."

"நான் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார் அவசரமாக. "நேரம் பாக்கிறன். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு, கிராமருக்காக அவர் சத்தம் போட்டபோதெல்லாம் என்னால் முன்போலப் பதில் சொல்ல முடியவில்லை. எவ்வளவு சத்தமாகப் பேசினால் அந்த மற்ற நினைப்பு தனக்குக் கேட்காமலிருக்கும் என்று அவர் பார்க்கிறார் போலிருந்தது. பின்மூலையில் அந்த வகிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் தாளை விரைவாகத் திருப்பினால் அவர் முகம் மலரும். உடனே வாடும். எந்தத் தகப்பனுக்கும் அப்படியொரு கதிரை வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன்.

செப்ரெம்பரில் அவள் எழுதினாள். ஒக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வருவதாக இருந்தது. நான் அரைநாள் விடுப்பெடுத்துச் சலூனுக்குப் போயிருந்தேன். கூப்பியூர் நேரம். அத்தான் கழுத்தில் துணி கட்டி, முகத்தில் பாதிச் சவரத்தோடு இருந்தபோது கைபேசி அடித்தது. அக்கா.

"ஓம்... ஓம்... எவ்வளவால?... சரி. பரவாயில்லை. சரி."

கடைக்கார அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார். சலூன்கார அண்ணை சவரக்கத்தியை மடக்கினார். கண்ணாடியில் அத்தானின் முகத்தை நான் பார்த்தேன். நெடுந்தூரம் சுமந்த சாக்கை இறக்கிவைத்த ஆளுடைய முகம் அது. சந்தோசம், சந்தேகமே இல்லை. சவரம் முடிந்த கன்னத்தில் அது தெளிவாகத் தெரிந்தது.

பிறகு மருமகள் கைபேசியை வாங்கியிருக்க வேண்டும். அவள் அழுவது எங்களுக்கும் கேட்டது.

"அப்பா, சொறி. நீங்கள் எவ்வளவு நேரம் பாத்தீங்கள். உங்கட பிரேக் எல்லாம் போச்சு. வெரி சொறி அப்பா."

அத்தான் துணிக்குள்ளிருந்து கையை இழுத்து முகத்தை மூடினார். நுரை கையெல்லாம் ஒட்டியது. "அழாதேங்கோ குஞ்சு. நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. அப்பாதான்..." என்றார். கடைக்கார அண்ணை ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். சலூன்கார அண்ணை அவரைப் பார்த்து, "இப்ப நீ வாயைத் திறந்தியெண்டா உனக்கு மொட்டை" என்றார்.

அடுத்த நாளே அத்தான் நம்பிக்கையோடு வந்தார். அங்கே மாத முடிவுக்குள் அடுத்த பள்ளிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். "நீ கதை தம்பி. பக்கத்துப் பள்ளியில படிச்சு ஆளானவன் நீ. செவ்ரான் பள்ளிக்கூடமே காணும் எண்டு நீ சொன்னாத்தான் அக்கா கேப்பா."

திங்களன்று செவ்ரான் பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். மருமகளுக்குப் பிரெஞ்சு ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. வந்தால் முதலில் மொழி தெரியாத பிள்ளைகளுக்கான வகுப்பில்தான் போடுவோம், பிறகு பார்க்கலாம் என்று சொன்னார்கள். அக்கா இருந்த அதே மாதிரி வகுப்பு. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் தனியாக இருப்பதைச் சொன்னேன். வாக்கு கொடுத்தாயே என்றும் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, முடிவு வந்த அண்டைக்கு இரவு நான் நித்திரை கொள்ளேல்லை. என்ர பிள்ளை ரெண்டாம் தரமோ எண்டு யோசிச்சன். அப்ப நீ சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அத்தான் ஒவ்வொரு சனியும் போனில சொல்லுவார், இண்டைக்கு உன்ர தம்பி இப்பிடிக் கேட்டான், அப்பிடிக் கேட்டான் எண்டு. பத்து வயசில ஒண்டும் தெரியாது, பிரிக்கிறதுதான் பிழை, பக்கத்துப் பள்ளியில படிச்சே ஆளாகலாம் எண்டு. எனக்கு அப்ப உன்னில கோவம்தான். இப்ப அதுதான் பிடிமானம். இஞ்சை எங்கட தெருமுனையில ஒரு பள்ளி இருக்கு. போய்ப் பாத்தனான். ரீச்சர்மார் நல்லாக் கதைச்சவை. அவளின்ர சிநேகிதப் பிள்ளையளும் அங்கைதான் போகினம்."

"அக்கா, நான் சொன்னது..."

"நீ சொன்னது சரி. அந்தச் சோதினைதான் எல்லாம் எண்டு நினைச்சபடியாத்தான் பாஸ் பண்ணாட்டி வாறம் எண்டன். அது எல்லாமில்லை எண்டா, பிறகேன் வரவேணும்? உன்னைப் பிரிக்கவிடாம நிண்டவள் நான். என்ர பிள்ளையை நானே கொண்டுவந்து அந்த வகுப்பில இருத்தவோ?"

வருடக்கணக்காகச் சலூனில் யாரையும் மாற்ற முடியாமல் தோற்றுக்கொண்டே வந்த வாதம் அது. அது வென்றது அந்த ஓர் இடத்தில்தான். "அத்தானுக்கு நான் சொல்லுறன், நீ சொல்லாத" என்றாள். பிறகு, "இல்லை, நீயே சொல்லு. எனக்கு ஏலாது" என்று அழுதாள்.

உணவகத்தின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று அத்தானிடம் சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன். அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை ஏற்கெனவே காய்ந்திருந்தும்.

"சரியாத்தான் சொல்லியிருக்கிறா" என்றார் கடைசியில். "உன்ர கதை ஞாயமான கதைதான் தம்பி. நான்தான் வீம்புக்கு எதிர்த்துக் கதைச்சனான்."

சனிக்கிழமைகளில் அவர் பிறகும் அழைத்துப் பார்த்தார். எழுதத் தாள் இல்லாத பிள்ளைக்கும் நேரம் பார்க்க எதுவும் இல்லாத தகப்பனுக்கும் பேச அவ்வளவு இருக்கவில்லை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டன், அம்மா எங்கை, வேலையில. அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள், இவர் விளங்காமலே சிரிப்பார். சில கிழமைகளில் சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருப்பாள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பத்து வயதுப் பிள்ளை சனிக்கிழமை பின்னேரம் விளையாடப் போவதுதான் முறை.

செவ்ரான் வீட்டை அவர் அதுவரை விடாமல் வைத்திருந்தது அவர்கள் வருவார்கள் என்றுதான். அரசாங்க வீடு, ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைக்காது. மாரி முடிந்ததும் விடப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். சாவி ஒப்படைக்கும் நாளில் பிரெஞ்சு பேச என்னைக் கூட்டிப்போனார். வீட்டு அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஒவ்வொரு அறையாகச் சுவரைத் தட்டியும் குழாயைத் திறந்தும் பார்த்தாள். நல்லவள். இவ்வளவு சுத்தமாக யாரும் வீட்டைத் திருப்பிக் கொடுத்ததில்லை என்றாள். கதவைப் பூட்டும்போது அத்தானிடம் நேராகவே கேட்டாள், குடும்பத்தோடு சேரப் போகிறீர்களா என்று.

என் மொழிபெயர்ப்புக்கு அவர் காத்திருக்கவில்லை. "உய், மதாம். லோந்ர்" என்றார். ஓம், லண்டனுக்கு.

அவள் மகிழ்ச்சியோடு கைகொடுத்தாள், பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்னாள். அவருடைய இரண்டு பைகளையும் நாங்கள் முதல் நாளே உணவகத்துக்கு மேலேயுள்ள அறைக்குக் கொண்டுபோயிருந்தோம். அந்த அறையில் ஏற்கெனவே இரண்டு சமையல்காரர்கள் இருக்கிறார்கள்.

ரயிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கார் து நோர் நிலையத்தில் இறங்கிக் கூட்டத்துக்குள் எனக்கு முன்னால் நடந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரமிருந்தது. சலூன் பக்கம் திரும்பாமல் நேரே உணவகத்தின் குசினிக்குப் போனார்.